பேரரசரின் நாய்ச் சட்டையும் சீட்டு மேசைத் துணியும்

டெய்லரிடம் கொடுத்ததைத் திருப்பி வாங்கும்போது நாம் சொல்லும் புகார்கள் தெரியும்தானே? அளவு பெரிசாப் போச்சு, துணி விறைப்பா இருக்கு, பட்டன் நிக்காது போலிருக்கே... இதே புகார்களை 1720களின் பின்பாதியில் ஒருவர் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் சீனாவின் யோங்ஜெங் பேரரசர். கேட்டுக்கொண்டவர்கள் அரண்மனைப் பட்டறைக்காரர்கள். உடை யாருக்கு என்கிறீர்கள்? அவருடைய நாய்களுக்கு!

யோங்ஜெங் 1722 முதல் 1735 வரை ஆண்டவர். விளையாட்டுப் பிள்ளை இல்லை. நடு இரவு வரை விளக்கு வைத்துக்கொண்டு அதிகாரிகளின் கடிதங்களைப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையில் பதில் எழுதிய ஆள். வேலைப் பைத்தியம் என்று வரலாற்றுக்காரர்கள் சொல்லும் மனிதர். அவரிடம் ஸாவ்ஹுவா என்று ஒரு நாய், பைஃபூ என்று ஒரு நாய். பைஃபூ என்றால் நூறு பாக்கியம். ஸாவ்ஹுவாவுக்குப் புலி வேஷம். பைஃபூவுக்கு கிலின் வேஷம். கிலின் என்பது சீனர்களின் கற்பனை மிருகம், நம்ம கோயில் தூண் யாளிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலின் முகமூடித் தொப்பி வந்ததும் பேரரசர் பார்த்தார். ரொம்பப் பெரிது, ரொம்ப விறைப்பு, உள்ளே பஞ்சு வைத்து மெத்தென்று சின்னதாக இன்னொன்று செய்யுங்கள் என்று உத்தரவு. இன்னொரு முறை, புலிச் சட்டையில் பொத்தான் பிடிப்புகள் உறுதியாகத் தைக்கப்படவில்லை, சரிசெய்து கொண்டு வாருங்கள் என்று உத்தரவு. உட்புறம் பட்டு லைனிங் போடச் சொல்லியும் உத்தரவு இருக்கிறது.

அந்த விறைப்பு பற்றிய புகாரைக் கவனியுங்கள். பார்க்கிறவருக்கு விறைப்பான தொப்பிதான் அழகு, வடிவம் கலையாமல் நிற்கும். மெத்தென்று வேண்டும் என்று கேட்கிறவர் அந்த நாயின் காதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். சாம்ராஜ்யத்தின் கோப்புகளுக்கு நடுவில் இதற்கும் நேரம்!

சரி, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாய்ச் சட்டையில் பொத்தான் ஆடியது நமக்கு எப்படித் தெரிகிறது? பட்டறையில் ரிஜிஸ்டர் இருந்தது. இன்ன தேதி, இன்ன உத்தரவு, இன்ன பொருள் செய்து ஒப்படைத்தோம் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். பி.காம் படிக்கிறவனுக்கு இதைக் கேட்டால் மனசு குளிரும். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை என்று எங்களுக்கு முதல் செமஸ்டரிலேயே ஓதிவிட்டார்கள்.

ஆனால் அங்கேதான் சிக்கலும். ராஜா வீட்டு நாய்க்கு வவுச்சர் இருக்கிறது. பழைய பனியனைக் கிழித்து, நடுங்குகிற நாய்க்குப் போர்த்திவிட்ட வீட்டுக்கு என்ன வவுச்சர்? கிழிந்த சாக்ஸுக்குள் துணியை அடைத்து முடிச்சுப் போட்டால் அது பந்து. அதை யார் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுவார்கள்? போதாததற்கு நாயின் குணம் வேறு. பிடித்த பொம்மையைத்தான் அது முதலில் கடித்துக் குதறும். சீண்டாமல் விட்டது அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதனால் இன்று மியூசியங்களில் நாய்ப் பொருள் என்று பெருமையாக வைத்திருப்பதில் பாதிக்கு மேல் நாய்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாத பொருளாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். நாய்க்கென்று மனிதன் செய்ததைப் பற்றி யார் எழுதினாலும் 'பணக்காரக் கிறுக்கு' என்ற ஒரே ஸ்டாம்ப் குத்தப்படுவதற்குக் காரணம் இதுதான். கிறுக்குக்கு மட்டும்தான் கணக்கு எழுதப்பட்டது.

முதலில் கணக்கில் உள்ளவற்றைப் பார்த்துவிடுவோம், சுவாரஸ்யத்துக்குப் பஞ்சமில்லை.

ரொம்பப் பழையது எகிப்து. 1935ல் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையிலான ஆய்வுக் குழு கீஸா பிரமிடுகள் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்தது. நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. அபுதியு என்ற காவல் நாய்க்கு மன்னர் செய்த மரியாதை அதில் இருக்கிறது. கஜானாவிலிருந்து சவப்பெட்டி, ஏராளமான மெல்லிய லினன் துணி, வாசனைத் தைலம், சாம்பிராணி, கொத்தனார்களை வைத்துத் தனிக் கல்லறை. மன்னர் பெயர் அதில் இல்லை, நாயின் பெயர் இருக்கிறது! (மன்னர்கள் இதைப் படித்தால் வருத்தப்படுவார்கள்.) இதற்கு ஆயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளி வந்தால் மைஹெர்ப்ரி என்ற பிரபுவின் கல்லறை. மன்னர் பள்ளத்தாக்கில் 1899ல் விக்டர் லோரே திறந்தது. உள்ளே இரண்டு தோல் கழுத்துப்பட்டைகள். சித்திர வேலைப்பாடு, ஒன்றில் நாயின் பெயரே இருக்கிறது: தந்தனூயித். அந்தப் பட்டையை வெட்டித் தைத்தவர் எந்தப் பட்டறை அடிமையோ, எந்தத் தோல் வேலைக்காரரோ. பெயர் வாங்கியது நாய்தான்.

சீனாவிலேயே யோங்ஜெங்குக்கு 1500 வருஷம் முன்னால் இன்னொரு பேரரசர் நாய்க்கு வேஷம் போட்டார். இது வேறு ரகம். ஹான் வம்சத்து லிங், ஆட்சி 168 முதல் 189 வரை. மேற்குத் தோட்டத்தில் நாய்களுக்கு அதிகாரிகளின் தொப்பியை மாட்டி, பதவி முத்திரை கட்டும் நாடாவையும் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார் என்று வம்ச வரலாற்று நூல் எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தொப்பி கற்றவர்கள் அணிவது. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் பட்டமளிப்பு அங்கியை நாய்க்குப் போட்ட மாதிரி.

விஷயம் என்னவென்றால், 178ல் இதே லிங் அரசுப் பதவிகளை விலைக்கு விற்க ஆரம்பித்திருந்தார். அந்தக் காலத்தில் பதவியின் தரத்தைத் தானிய அளவில் சொல்வார்கள். 2000 ஷி தரப் பதவிக்கு இரண்டு கோடி காசு, 400 ஷி தரத்துக்கு நாற்பது லட்சம். கையில் காசு இருந்தால் ரொக்கம். இல்லையா, பதவியில் போய் உட்கார்ந்த பிறகு இரண்டு மடங்காகக் கட்டலாம். அதாவது கிரெடிட் வசதி, நூறு சதவிகிதம் ஏற்றி! அந்த இரண்டு மடங்கை எந்த ஜனங்களிடமிருந்து பிழிந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 184ல் மஞ்சள் தலைப்பாகைக் கலகம் வெடித்தது, 220ல் வம்சமே முடிந்தது. தொப்பி போட்ட நாயைப் பின்னால் எழுதியவர்கள் ஒரு துர்ச்சகுனமாகத்தான் பதிவு செய்தார்கள். காசு கொடுத்து வாங்கியவன் தலையில் இருக்கலாம் என்றால் நாய் தலையில் இருப்பதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பாவம் அந்த நாய் காசுகூடக் கொடுக்கவில்லை.

ஆக ஒரே ஊர், ஒரே வேலை, நாய்க்குத் தொப்பி. ஒருவர் நாயைப் பார்த்தார், இன்னொருவர் பக்கத்தில் நின்று சிரிக்கிறவர்களைப் பார்த்தார். இந்த வித்தியாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவோம்.

அங்கே கதை கழுத்துப்பட்டையில் நடக்கிறது. இங்கிலாந்தில் கென்ட் பகுதி லீட்ஸ் கோட்டையில் கழுத்துப்பட்டைகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பட்டைகள், ஐந்து நூற்றாண்டுச் சரக்கு. அதில் பழைய பட்டைகள் முழுக்க இரும்பு முள். பார்த்தால் சித்திரவதைக் கருவி மாதிரி இருக்கும், ஆனால் முள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும். ஓநாய், கரடி, காட்டுப்பன்றி நாயின் குரல்வளையைக் கவ்வாமல் இருப்பதற்காக. ஆட்டுமந்தைக்குக் காவல் நிற்கும் நாய்க்கு இது கவசம். துருக்கியில் மேய்ச்சல் நாய்களுக்கு இப்படிப்பட்ட முள் பட்டையைக் கிராமத்துக் கொல்லர்களே அடித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பின்னால் ஓநாய்கள் குறைந்தன, நாய் வீட்டுக்குள் வந்தது, பட்டையும் பித்தளையாகி வெள்ளியாகி வெல்வெட் ஆனது. பூட்டு வைத்த பட்டைகள்கூட உண்டு. சாவி யாரிடமோ நாய் அவருடையது.

ராணிகளைப் பற்றி எழுதினால் முடியாது. பிரான்ஸின் ராணி இசபோ 1387ல் தன் செல்ல அணிலுக்கு முத்துப் பதித்த பட்டை வாங்கினார், 1406ல் பூனைக்குப் பச்சைத் துணியில் போர்வை. இவை அரண்மனைச் செலவுக் கணக்கில் இருப்பதால் நமக்குத் தெரிகிறது. (அணிலுக்கு முத்துமாலை! நம்ம ஊர் அணில் மூணு கோட்டோடு சமாளித்துக்கொள்கிறது.) அதே ஊரில் நானூறு வருஷம் கழித்து மரி அன்ட்வானெட். அவருடைய நாய் வீடு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. சுமார் 1775-80ல் க்ளோத் செனே என்ற நாற்காலித் தச்சர் செய்தது. மரத்தில் செதுக்கித் தங்கப் பூச்சு பூசி, உள்ளே பட்டும் வெல்வெட்டும். ராணியின் தட்டுமுட்டுச் சாமான் கிடங்கு முத்திரை அதில் குத்தியிருக்கிறது. மறுபடியும் பாருங்கள், முத்திரை, கணக்கு. படத்தைப் பார்த்தால் நாய் தூங்கிய இடம் மாதிரி தெரியவில்லை, ஷோகேஸ் மாதிரி இருக்கிறது. எந்த நாயும் சாதாரணமாகத் தேர்ந்தெடுப்பது கட்டிலுக்கு அடியில் இருக்கும் இருட்டு மூலையைத்தான்.

இதெல்லாம் பெருகப் பெருக அரசாங்கத்துக்கும் கண் விழுந்தது. இங்கிலாந்தில் 1796ல் நாய் வரி வந்தது. அதற்காக வாதாடிய ஜான் டென்ட் என்ற எம்.பி.க்கு ஆயுசு முழுக்க 'நாய் டென்ட்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பிரான்ஸில் 1855ல் வந்த வரி இன்னும் சுவாரஸ்யம். நாய்களை இரண்டு வகுப்பாகப் பிரித்தார்கள். செல்லநாயும் வேட்டைநாயும் மேல் வகுப்பு, வரி அதிகம். வீடு காப்பது, மந்தை மேய்ப்பது, பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது எல்லாம் கீழ் வகுப்பு, வரி குறைவு. ஒரு பிராங்கிலிருந்து பத்து பிராங்க் வரை. அதாவது சும்மா இருக்கும் நாய் ஆடம்பரப் பொருள், வேலை செய்யும் நாய் உற்பத்திச் சாதனம்! மடியில் தூங்கும் நாய் மனிதனுக்குச் செய்யும் வேலையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அந்தச் சட்டத்துக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்து இன்றைய டேக்ஸ் சிலபஸுக்கும் தெரியாது. அந்த நூற்றாண்டுக் கடைசிக்குள் பாரிஸில் நாய்களுக்கென்றே தையல் கடைகள் வந்துவிட்டன. கோட்டு, பயண அங்கி, ரப்பர் பூட்ஸ் வரை தைத்தார்கள்.

இந்தியாவில் இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் ஜுனாகத் நவாப் மூன்றாம் மஹபத் கானை இழுப்பார்கள். ரோஷனாரா என்ற பெண் நாய்க்கும் பாபி என்ற ஆண் நாய்க்கும் நகைகள் பூட்டி, விருந்து வைத்துக் கல்யாணம் செய்தார் என்ற கதை. 1975ல் வந்த 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' புத்தகம் இதை உலகம் பூராவும் கொண்டு போனது. நாய்கள் எத்தனை, விருந்தாளிகள் எத்தனை என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். அவரிடம் நாய்கள் ஏராளமாக இருந்தது உண்மை. 1947ல் ஜனங்களைக் கேட்காமல் பாகிஸ்தானோடு சேர்ந்து, பிறகு கராச்சிக்குப் போனதும் உண்மை. அதனால் அந்த நாய்க் கல்யாணக் கதையை ரசித்துச் சொல்ல எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. கிர் சிங்கங்களைக் காப்பாற்றியதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் இதே ருசியோடு சொல்வதில்லை.

போதும் ராஜாக்கள். இனி வவுச்சர் இல்லாத பக்கம்.

வடதுருவப் பக்கம் இனுவிட் மக்கள் நாய்களுக்கு பூட்ஸ் தைத்தார்கள். கடல்நாய்த் தோலில், வீட்டுப் பெண்கள் தைத்தது. வசந்த காலத்தில் கடல் பனி உருகி மறுபடி உறையும்போது மேற்பரப்பு ஊசி ஊசியாக நிற்கும். அதில் ஓடினால் பாதம் கிழிந்துவிடும். அதற்காக நாலு காலுக்கும் சின்னச் சின்னப் பை, முன்பக்கம் நகம் வெளியே வர ஓட்டை. ஓட்டை எதற்கு? நகம் ஊன்றாவிட்டால் பனியில் வழுக்கும். எவ்வளவு கவனித்திருந்தால் அந்த ஓட்டை வந்திருக்கும் என்று யோசியுங்கள். நாய் நடக்கவில்லை என்றால் சறுக்குவண்டி நகராது, வண்டி நகராவிட்டால் வேட்டை இல்லை, குழந்தைக்குச் சாப்பாடு இல்லை. செல்லமா, தேவையா என்று பிரிக்கவே முடியாத இடம் இது. பிரெஞ்சுக்காரரின் இரண்டு வகுப்பு இங்கே செல்லாது.

அந்த பூட்ஸ் இன்றும் சாகவில்லை, துணிதான் மாறியது. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் சறுக்குவண்டிப் பந்தயம் கிட்டத்தட்ட 1600 கிலோமீட்டர். ஒவ்வொரு நாய்க்கும் எட்டு பூட்டி கையில் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. 14 நாய்கள் ஓடினால் ஒரு தடவை மாட்ட 56, விதிப்படி கையிருப்பு 112. கிழியக் கிழிய மாற்ற வேண்டும், அதனால் ஒரு பந்தயத்துக்கு ஆயிரத்துக்கு மேல் போய்விடும். கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று குடும்பமாக உட்கார்ந்து மெஷினில் தைத்துத் தள்ளும் வண்டிக்காரர்கள் உண்டு. மைனஸ் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு 56 பாதங்களுக்கு ஒவ்வொன்றாக மாட்டுவதை நினைத்தாலே எனக்கு விரல் விறைக்கிறது. நமக்கு மார்கழியில் பல் தேய்ப்பதே கஷ்டம்.

அளவெடுத்துத் தைத்தால் அது பாசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1957 நவம்பர் 3 அன்று சோவியத் யூனியன் லைக்காவை விண்வெளிக்கு அனுப்பியதே, அதற்கும் அளவெடுத்துத்தான் வார் கச்சை செய்தார்கள். திரும்பிக் கூட நிற்க முடியாத அளவு. கழிவுக்குப் பை. திரும்பி வர வழியே வைக்காத பயணம் அது. மேலே போன சில மணி நேரத்தில் வெப்பம் தாங்காமல் லைக்கா இறந்துவிட்டது. அது வெளியே தெரியவே 2002 ஆயிற்று. புறப்படுவதற்கு முன் விஞ்ஞானி விளாதிமிர் யஸ்தோவ்ஸ்கி லைக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் குழந்தைகளோடு விளையாட விட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தச் சாயங்காலத்தை என்னால் எந்தப் பக்கமும் எழுத முடியவில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

கொஞ்சம் இலகுவான இடத்துக்கு வருவோம். பொம்மை!

1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர் ஃப்ரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருந்தார். ஃப்ரிட்ஸுக்குக் கல்லைக் கடிக்கும் பழக்கம், பல் தேய்ந்துகொண்டே வந்தது. எதைக் கொடுத்தாலும் பலிக்கவில்லை. ஒருநாள் ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போது சஸ்பென்ஷனில் இருந்த ரப்பர் பாகம் ஒன்றைத் தூக்கிப் போட, ஃப்ரிட்ஸ் கல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. பனிமனிதன் போல மூன்று உருண்டை சேர்ந்த வடிவம், தரையில் போட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்துச் செய்ததுதான் காங் பொம்மை, 1976ல் கம்பெனி ஆரம்பம். மார்க்கெட் ரிசர்ச் செய்தது மொத்தமும் ஒரே ஒரு நாய். அந்த ரப்பர் துண்டு கம்பெனி ஆகியிருக்காவிட்டால் இந்தக் கதை நமக்குத் தெரிந்தே இருக்காது. கம்பெனி ஆகாத ரப்பர் துண்டுகள் எத்தனை வீட்டு முற்றத்தில் உருண்டிருக்கும்!

வேஷம் கட்டுவதும் வீட்டுத் தையலிலிருந்து சந்தைக்குப் போன ஒன்றுதான். 1906 வாக்கில் பென்சில்வேனியாவில் ஹாரி விட்டியர் ஃப்ரீஸ் என்ற புகைப்படக்காரர் பூனைக்குட்டிகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் கவுன் மாட்டி, குட்டி மேசை நாற்காலி போட்டுப் படம் எடுக்க ஆரம்பித்தார். அஞ்சலட்டை, குழந்தைப் புத்தகம் என்று நன்றாக விற்றது. உடைகள் எல்லாம் வீட்டில் தைத்தவை. குட்டி அசையாமல் இருப்பது நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான், அதற்குள் படம் எடுக்க வேண்டும். எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு குப்பைக்கு. இன்று நியூயார்க் டாம்ப்கின்ஸ் ஸ்கொயர் பூங்காவின் ஹாலோவீன் நாய் ஊர்வலத்தில் ஜனங்கள் கைதட்டுவது பெரும்பாலும் அட்டையும் பசையும் வைத்து வீட்டில் செய்த வேஷங்களுக்குத்தான். ஆனால் கடை வியாபாரம் எங்கேயோ போய்விட்டது. அமெரிக்கச் சில்லறை வணிகக் கூட்டமைப்பின் கணிப்பில் ஹாலோவீனுக்குச் செல்லப்பிராணி உடைகளுக்கான செலவு 2019ல் 49 கோடி டாலர், 2023ல் 70 கோடி டாலர்.

இதில் நாய்க்கு என்ன கிடைக்கிறது? உடை போட்டதும் அசையாமல் நின்றால் 'சமர்த்து' என்கிறோம். பல சமயம் அது பயத்தில் உறைந்து நிற்பது. அடிக்கடி கொட்டாவி, உதட்டை நக்குவது, காதைப் பின்னால் சாய்ப்பது எல்லாம் 'கழற்றேன்' என்று அர்த்தம். மூச்சிரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டை இறக்குகிறது, நம்மைப் போல் வியர்க்காது. சென்னை வெயிலில் தட்டை மூக்குப் பக் நாய்க்கு ஷெர்வானி மாட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு லிங் பேரரசர் ஞாபகம்தான் வருகிறது. அதே சமயம் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் மார்கழியில் கிழட்டு நாட்டு நாய்க்குப் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டிவிடுவார். நாய் அதைப் போட்டுக்கொண்டே ஆட்டோக்காரர்களைத் துரத்தும். தைமாதத்தில் அந்த ஸ்வெட்டர் நூல் நூலாகிவிடும்.

நேபாளத்தில் திஹார் பண்டிகையின் இரண்டாம் நாள் குகுர் திஹார், நாய்களின் நாள். சாமந்தி மாலையும் நெற்றியில் திலகமும். வீட்டு நாய்க்கு மட்டும் இல்லை, தெரு நாய்க்கும். சாயங்காலத்துக்குள் பாதி மாலையை நாய்களே பிய்த்துப் போட்டிருக்கும்.

கடைசியாக இரண்டு ராணுவ நாய்கள். முதலாவது ஸ்டபி. முதல் உலகப் போரில் அமெரிக்க 102வது காலாட்படையோடு பிரான்ஸுக்குப் போன நாய், ராபர்ட் கான்ராய் என்ற சிப்பாய் ஒளித்துக் கொண்டுபோனது. ஷாத்தோ தியெரி ஊரை 1918ல் மீட்ட பிறகு அந்த ஊர்ப் பெண்கள் சேர்ந்து மெல்லிய தோலில் ஸ்டபிக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார்கள். பின்னால் கிடைத்த பதக்கங்கள் எல்லாம் அதில்தான் குத்தப்பட்டன. ஊரே குண்டில் இடிந்து கிடக்கிறது, வீட்டு ஆண்களில் யார் உயிரோடு வருவார்கள் என்று தெரியாது. அந்த நேரத்தில் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டு நாய்க்கு ஊசி நூல் பிடித்திருக்கிறார்கள். இதைப் பணக்காரக் கிறுக்கு என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். ஸ்டபி 1926ல் இறந்தது, இப்போது பாடம் செய்யப்பட்டு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

இரண்டாவது ஸ்மோக்கி. என்னுடைய ஃபேவரிட். 1944ல் நியூ கினி காட்டில் ஒரு பதுங்கு குழியில் கிடைத்த யார்க்‌ஷயர் டெரியர், எடை சுமார் 4 பவுண்டு, அதாவது இரண்டு கிலோகூட இல்லை. பில் வின் என்ற அமெரிக்க விமானப் படைக்காரர் அதை இன்னொருவரிடமிருந்து இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டுக்கு வாங்கினார். அது அதிகாரபூர்வ ராணுவ நாய் இல்லை. அதனால் ரேஷன் கிடையாது, மருத்துவம் கிடையாது, ரிஜிஸ்டரில் பெயரும் கிடையாது. வின் தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தார். சீட்டாடும் மேசையில் விரிக்கும் பச்சை ஃபெல்ட் துணி ஒன்று அதற்குப் படுக்கை ஆனது. குட்டியாக ஒரு பாராசூட் செய்து மரத்தின் மேலிருந்து 30 அடி குதிக்கவும் பழக்கினார்கள். (இதை நான் பாராட்டவில்லை, நாயைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருக்கும்.) படையினரின் சின்னங்கள் தைத்த ஒரு கோட்டும் இருந்தது. வேலையற்ற நேரத்தில் வித்தை காட்டி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைச் சிரிக்க வைத்தது.

பிலிப்பைன்ஸின் லூஸானில் விமான ஓடுபாதைக்கு அடியில் தந்திக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. ஓடுபாதையைத் தோண்டினால் மூன்று நாள் வேலை, மேலே எதிரி விமானம். கீழே 70 அடி நீளக் குழாய் ஒன்று போனது, எட்டு அங்குல அகலம், இடையிடையே மண் அடைத்துக் கிடந்தது. ஸ்மோக்கியின் கழுத்துப்பட்டையில் நூலைக் கட்டிவிட்டு, வின் மறுமுனையில் மண்டியிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலுக்கு ஊர்ந்து வந்து சேர்ந்தது. 1855 பிரெஞ்சு அதிகாரி இருந்திருந்தால் அந்த நிமிஷத்தில் அதை மேல் வகுப்பிலிருந்து கீழ் வகுப்புக்கு மாற்றியிருப்பார்.

ஸ்மோக்கி 1957 பிப்ரவரியில் இறந்தது. வின் அதை இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கிக் குண்டுப் பெட்டி ஒன்றில் வைத்து ஒஹாயோவில் புதைத்தார். பார்வோன் கஜானாவிலிருந்து வந்த பெட்டிக்கு நாலாயிரம் வருஷம் பின்னால், கையில் கிடைத்த தகரப் பெட்டி. 2005ல் அங்கே சிலை வைத்தார்கள், சிப்பாயின் ஹெல்மெட்டுக்குள் ஸ்மோக்கி உட்கார்ந்திருக்கும். வின் 2021ல், 99 வயதில் காலமானார்.

உங்கள் வீட்டில் நாய்க்கென்று கையால் செய்த ஏதாவது, கடிபடாமல் இன்னும் மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், கேட்க ஆசை. நாளைக்கு எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். வர்ட்டா!